ராசம்மாளுக்கு ஒரு பொறுப்பு

குழாயடியில் ராசம்மாள் வாயைத் திறந்தால் குடங்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும். சுனாமிக்கு அடுத்த வருடம் மரக்காணத்தில் சில பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஓர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த வினோதினிக்கு ராசம்மாளைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை.

“கோபமும் ஒரு திறமைதாங்க. யாருக்கு என்ன வருமோ அந்த வேலையத்தான் குடுக்கணும். வியாபாரிகிட்ட பேசுறது இனிமே ராசம்மாக்கா பொறுப்பு.”

குழுவிலேயே குரல் எழும்பாத சகாயசெல்விக்கு டீ போடும் வேலை.

ஐப்பசி நெருங்கியது. கரையில் குவித்திருந்த உப்பை மழைக்கு முன் ஏற்றியாக வேண்டும். வியாபாரி சிவப்பிரகாசமோ பெரிய அளத்துக்காரர்களுக்கே லாரி அனுப்பிக்கொண்டிருந்தார். ராசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் கடைக்குக் கிளம்பினாள். இன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான் என்று மற்றவர்கள் ஆசையோடு காத்திருந்தார்கள்.

சாயங்காலம் அவள் சிரித்த முகமாகத் திரும்பினாள்.

“லாரி எங்கக்கா?” என்றாள் சகாயசெல்வி.

“நாளைக்கு அனுப்புறாராம். பாவம், அவருக்கு எவ்ளோ டென்ஷன்! என்னப் பாத்ததும் எழுந்து நின்னாருடி. ‘வாங்க மேடம்’னு சேர் போட்டாரு. அந்த மனுஷன்கிட்ட எப்படிடி கத்துறது?”

இத்தனை வயதில் அவளுக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. மறுநாளும் போனாள். மேடம், சேர், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் கிடைத்தன. லாரி மட்டும் வரவில்லை. அன்று பெய்த மழையில் குவியலின் ஒரு பக்கம் கரைந்து வாய்க்காலில் ஓடியது.

விடிந்ததும் பக்கத்து அளத்துக்கு சிவப்பிரகாசத்தின் லாரி வந்தது. சகாயசெல்வி போய் அதன் முன்னால் ஈர மண்ணில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா, எழுந்திரு!” என்று டிரைவர் கத்தினான்.

“எங்க உப்ப ஏத்திட்டுப் போங்கண்ணே.”

ஹார்ன் சத்தத்தில் அவள் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் அவன் சிவப்பிரகாசத்துக்குப் போன் போட்டான். மதியத்துக்குள் மிச்ச உப்பெல்லாம் ஏறிவிட்டது.

குழுக் கூட்டத்தில் யாரோ பொறுப்பை மாற்றலாமா என்று இழுத்தார்கள். ராசம்மாளின் முகம் சுருங்கியது.

“நான் என்ன கொற வச்சேன்? ‘லாரி வந்துடுச்சா மேடம்’னு அவரே போன் பண்ணிக் கேட்டாரே!”

அவள் கண் கலங்குவதைப் பார்க்கச் சகாயசெல்விக்குத்தான் பொறுக்கவில்லை. “அக்காவே இருக்கட்டும்” என்றாள்.

பங்குனியில் திண்டிவனத்தில் நடந்த மகளிர் கூட்டத்தில், சரியான ஆளுக்குச் சரியான வேலை கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வினோதினி மரக்காணத்தை உதாரணம் காட்டினாள். ராசம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள். சகாயசெல்வியால் வர முடியவில்லை. அன்றைக்கு லாரி நிச்சயம் வரும் என்று சிவப்பிரகாசம் மேடத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் அவள் காலையிலேயே ரோட்டில் போய் உட்கார வேண்டியதாகிவிட்டது.