மேனேஜரின் முன்னங்கால்

“உங்க நாயா இருந்தா என்ன செய்வீங்க? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்.”

கேட்டே விட்டாள். வெளியே பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் உள்ளே அனுப்பியிருந்தாள். “கடன் கேளு, தள்ளுபடி கேளு, சண்டைகூடப் போடு. அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுடாதம்மா. மனுஷன் மூஞ்சியே மாறிடும்.”

மாறித்தான் போனது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் வெளிச்சப் பலகையில் மேனேஜரின் முன்னங்கால் எக்ஸ்ரேயாகத் தொங்கியது. எலும்பில் ஓரிடம் மட்டும் கறையான் அரித்த மரம் மாதிரி இருந்தது. புற்று.

மேனேஜர் அவள் அப்பாவின் வெல்டிங் பட்டறை நாய். காலையில் அப்பாவுக்கு முன்னால் போய் ஷட்டரடியில் உட்கார்ந்துவிடும். யார் எதைத் தூக்கினாலும் பக்கத்தில் வந்து நின்று முறைக்கும். தான் மட்டும் ஒரு துரும்பை நகர்த்தாது. அப்பா கொடுத்த பதவி அது.

“காலைத் தோளோட எடுக்கணும்,” என்று முன்பே சொல்லியிருந்தார் மருத்துவர். “அப்புறம் கீமோ. நல்லா போனா ஒரு வருஷம், கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். நுரையீரல்ல இன்னும் எதுவும் தெரியல. எடுக்கலைன்னா ரெண்டு மூணு மாசம், வலியோட.”

பக்கத்து நாற்காலியில் அறக்கட்டளை அம்மாள் உட்கார்ந்திருந்தார். புற்றுநோய் வந்த நாயைக் கையில் வைத்துக்கொண்டு, செலவுக்கு வழியில்லாமல் விழிக்கும் குடும்பங்களுக்கு உதவுகிற அறக்கட்டளை அது. அவர்களிடம் வரும்போது அவள் வரிந்துகட்டிக்கொண்டுதான் வந்தாள். ‘சோத்துக்கே வழியில்லாதவங்களுக்கு நாய் எதுக்கு?’ என்று கேட்டால் என்ன சொல்வது, ‘கொஞ்சம் அழுது காட்டுங்க’ என்றால் எதைத் தூக்கி எறிவது என்று பேருந்திலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். அந்த அம்மாளோ எதையும் கேட்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்தார். “முழுச் செலவும் நாங்க பாத்துக்கறோம். நீங்க முடிவு பண்ணுங்க போதும்,” என்றார்.

அவ்வளவுதான். ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. கோபப்பட ஆள் இல்லாத கோபம் எத்தனை பெரிய இம்சை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

முடிவு பண்ண வேண்டுமாம். வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அன்றிலிருந்து கரண்ட் பில் தகராறு முதல் அக்காவுக்கு வந்த வரன்வரை எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது.

“நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியா இருக்கும்,” என்று நேற்றே வீட்டில் சொல்லிவிட்டாள் அம்மா.

“நான் படிச்சது பி.காம்.மா. மாட்டு வைத்தியம் இல்ல.”

“எல்லாம் படிப்புதானே.”

அப்பா அதுகூடச் சொல்லவில்லை. கையில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே, “உன் இஷ்டம்,” என்றார். அப்படிச் சொன்னால் அவருக்கு ஓர் இஷ்டம் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்ல மாட்டார் என்று அர்த்தம்.

சொல்ல வேண்டியதை எல்லாம் சித்தப்பாதான் காலையிலேயே போன் போட்டுச் சொன்னார். “மனுஷனுக்கே மாத்திரை வாங்க வக்கில்ல, நாய்க்குக் கீமோவா? படிச்ச திமிரு.”

“உங்க காசா சித்தப்பா? போனை வைங்க.”

வைத்துவிட்டார். கேள்விதான் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. செத்துப்போன அத்தைக்கும் இதே நோய்தான். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்கள் ஆஸ்பத்திரியில், வீட்டில் கூட்டிவந்துவிட்டார்கள். யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. பணம் இல்லை, முடிந்தது. இல்லாத வீட்டில் முடிவுகளை எல்லாம் இல்லாமையே எடுத்துவிடும். பழியையும் அதுவே சுமந்துகொள்ளும். இப்போது யாரோ முகம் தெரியாதவர்கள் வந்து அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். நன்றி சொல்வதா, அத்தைக்கு ஏன் வரவில்லை என்று சட்டையைப் பிடிப்பதா? நாயைக் கேட்காமலேயே அதன் கால் போகப்போகிறதே, அதை யார் கேட்பது?

மருத்துவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“என் நாய்க்கும் இதேதான் வந்துது,” என்றார். “நான் காலை எடுக்கல. மூணு கால்ல பாக்க மனசு வரல. கடைசியில வலி தாங்காம கத்துச்சு, நானே ஊசி போட்டு முடிச்சேன்.”

“அப்ப எடுத்திருக்கணும்னு சொல்றீங்களா?”

“தெரியலம்மா.”

“இதுக்குத்தான் இத்தனை வருஷம் படிச்சீங்களா?”

அறக்கட்டளை அம்மாளுக்கு இருமல் வந்தது. மருத்துவர் சிரித்துவிட்டார். “அதனாலதான் அதைக் கேக்காதீங்கன்னு சொல்லி அனுப்பறது.”

“ஆபரேஷன் வேணாம்னாலும் பரவாயில்லம்மா,” என்றார் அந்த அம்மாள். “வலிக்கு மருந்து மட்டும் போதும்னா அதுக்கும் நாங்க குடுக்கறோம்.”

அந்தக் கதவையும் சாத்தவில்லை. புண்ணியவதி, எதையாவது மறுத்துத் தொலைத்தால்தான் என்ன!

அவள் எழுந்து, கதவில் பதித்த கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். அப்பா பெஞ்சில் இருந்தார், கையில் சங்கிலியின் ஒரு முனை. மறுமுனையில் மேனேஜர் இல்லை. எப்படியோ கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு, ஆயாம்மாவின் துடைப்பத்துக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. நோயுள்ள காலை மடித்து நெஞ்சோடு வைத்திருந்தது. மற்ற மூன்றில் நொண்டி நொண்டி, ஆயாம்மா நின்றால் நின்று, குனிந்தால் எட்டிப் பார்த்து, விட்டுப்போன தூசியை முறைத்து.

“ஏய், எனக்கே சூப்பர்வைசரா நீ?” என்று கத்தினாள் ஆயாம்மா.

“லீவு போடத் தெரியாதவன்,” என்றார் அப்பா. குரலில் பெருமை இருந்தது. பட்டறைப் பையன்களைக்கூட அவர் அப்படிப் புகழ்ந்ததில்லை.

அந்தக் கால் தரையைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். நினைவில்லை. நான்கு கால் என்று எண்ணிக்கொண்டிருந்தது வீட்டு மனிதர்கள்தான்.

இது சரிதானா? தெரியவில்லை. அத்தை விஷயம் அப்படியே நெஞ்சில் கிடந்தது, இனியும் கிடக்கும். போன் அதிர்ந்தது. சித்தப்பா. எடுக்கவில்லை.

“டாக்டர், எப்ப வெறும் வயித்தோட கூட்டிட்டு வரணும்?”

“நாளைக்குக் காலையில. முடிவா?”

“உங்களை மாதிரியே எனக்கும் தெரியல டாக்டர். ஆனா காலை எடுத்துடுங்க.”

அறக்கட்டளை அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையிலும் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, துடைப்பத்துக்கும் நாய்க்கும் நடுவே புகுந்தாள்.

“வாங்க மேனேஜர், பட்டறைக்கு நேரமாச்சு,” என்று சொல்லிவிட்டு, அப்பா எழுவதற்குள் வாசலைத் தாண்டி நடந்தாள்.