ஆணிக்கால்

அமல்தாஸின் ஏற்றம் மெதுவானது. மலாய் நாட்டு ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவரின் மகன் அவர். ஓட்டப் பந்தயத்தில் அவர் ஓடுவதைப் பார்த்த பாதிரியார் ஒருவர் அவரை உடற்பயிற்சிக் கல்வி படிக்க மதராசுக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்ததும் ஈப்போவில் ஒரு மிஷன் கல்லூரியில் பந்துகளுக்குக் காற்றடிக்கும் வேலைதான் கிடைத்தது. பிறகு இளையோர் கூடைப்பந்து அணி வந்தது. அதன்பின் கல்லூரி அணியே வந்தது. கூடைப்பந்து சீனப் பிள்ளைகளின் ஆட்டம், தமிழனுக்கு வராது என்று பேசியவர்கள், அவருடைய அணி இரண்டு சீனப் பள்ளிகளைத் தோற்கடித்த பிறகு வேறு காரணங்களைத் தேடிக்கொண்டார்கள். புத்தாண்டு பிறந்ததும் உடற்பயிற்சித் துறைக்கு அவரே தலைவர் என்று முதல்வர் வாக்களித்திருந்தார். புத்தாண்டுக்கு முன்பே ஜப்பானியர் வந்துவிட்டார்கள். கல்லூரியில் குதிரைகளைக் கட்டினார்கள்.

அவருடைய தங்கை பவுலின், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கிரகரிக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அமல்தாஸ் அங்கே போய்க் கொழுந்து நிறுக்கும் வேலையில் அமர்ந்தார். அதைத் தன் தொழில் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆட்டம் இடைவேளையில் நிற்கிறது, அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டார்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன தோட்டத்தை நிர்வகிக்க ஜப்பானியர் அனுப்பிய ஹமாடா, கோபே நகரத்து வணிகக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். கிரகரி பேச்சுவாக்கில் தன் மைத்துனரின் பழைய வேலையைச் சொல்லிவிட, ஹமாடா அவரை அழைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார். முதலில் 'நீ' என்ற தோரணையில் தொடங்கிய பேச்சு, தடுப்பாட்ட முறைகளுக்கு வந்தபோது 'நீங்கள்' என்று மாறியிருந்தது.

"ஈப்போக் கல்லூரியை நாங்கள் பயிற்சிப் பள்ளியாகத் திறக்கப்போகிறோம். உடற்பயிற்சித் தலைவர் ஒருவர் தேவை. இந்தத் தோட்டத்துக் கூலிகளைக் கொண்டு ஓர் அணியை உருவாக்கிக் காட்டுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அன்று வீடு திரும்பிய அமல்தாஸ், மரவள்ளிக் களியை மூன்று கவளம் கூடுதலாகவே உண்டார். கிரகரி மட்டும் முகம் கோணினார்.

"மச்சான், ஜப்பான்காரன் சிரிச்சுப் பேசுறான்னு மயங்கிறாதீங்க."

"அவன் சிரிக்கவே இல்ல, கிரகரி. ஆட்டத்தப் பத்தித்தான் பேசுனான்."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமே ஆடுகளமாயிற்று. ஹமாடா எங்கிருந்தோ ஒரு தோல் பந்தை வரவழைத்தார். இரும்பு வளையம் அகப்படவில்லை. பழைய கொழுந்துக் கூடைகள் இரண்டின் அடியை அறுத்து, இரு முனைகளிலும் தூண் நட்டுக் கட்டினார்கள். கொழுந்து பறிக்கும் வேலாயி அதைப் பார்த்துவிட்டு முதுகுக் கூடையோடு நின்றுவிட்டாள்.

"அடியில்லாத கூடையில எதப் போட்டாலும் கீழதான விழும்? இதுக்கு ஒரு வாத்தியாரா?"

"விழணும்லா! விழுந்தாத்தான் கணக்கு" என்றான் சிங்காரம். வாய்த்துடுக்குக்காகவே, கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பெயர் வாங்கியவன் அவன்.

"அப்படின்னா எங்கூட்டுக்காரரு சம்பாரிக்கிறதும் இந்த ஆட்டந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் மலையேறினாள்.

அவளுடைய வீட்டுக்காரன் மாடசாமி, தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுபவன். ஆள் உயரமில்லை. அமல்தாஸ் உயரத்தைப் பார்க்கவுமில்லை. செங்குத்தான சரிவில் ஒரு காலைச் செடியின் தூரில் ஊன்றிக்கொண்டு, அந்தக் கால் அசையாமல், மறு காலை மேலும் கீழும் வீசி அவன் கத்தியைச் சுழற்றுவதைப் பார்த்தார். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுதும் கற்பிக்கப் படாதபாடு பட்டது இதைத்தான். பந்து கைக்கு வந்துவிட்டால் ஒரு கால் தரையில் ஊன்றியது ஊன்றியபடியே இருக்க வேண்டும். மற்றக் காலைச் சுழற்றி எத்திசைக்கும் திரும்பலாம். ஊன்றிய கால் நகர்ந்தால் பிழை.

"இந்தக் காலுக்கு ஆணி அடிச்ச மாதிரி நெனச்சுக்கங்க. இது ஆணிக்கால்" என்றார் அமல்தாஸ்.

"பாத்தீங்களாடா! கால்ல ஆணி இருந்தா டிரெசர்கிட்ட போயி எடுப்போம். நம்ம வாத்தியாரு புதுசா அடிச்சு விடுறாரு" என்றான் சிங்காரம்.

களம் சிரித்தது. ஆனால் ஆணிக்கால் என்ற சொல் நின்றுவிட்டது. ஆடுபவர்களுக்கு ஆளுக்கொரு குவளை அரிசி தர ஹமாடா ஒப்புக்கொண்டிருந்ததால் ஆள் சேர்வதில் சிக்கலில்லை. சில வாரங்களில் மாடசாமி கண்ணால் பார்க்குமுன்பே பந்தைக் கையால் அறிந்தான். பிடிப்பதும் ஊன்றுவதும் திரும்புவதும் அவனிடம் மூன்று செயல்களாக இல்லை. ஈப்போவில் தன்னிடம் ஆடியவர்களில் ஒருவனும் இவனுக்கு இணையில்லை என்று அமல்தாஸ் பவுலினிடம் சொன்னார். புதிய பள்ளியின் திடலில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்றுகூட அவர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

திடீரென்று ஒருநாள் களத்துக்கு ஒருவரும் வரவில்லை.

காரணம் ஒரு சொல். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். ரயிலை அவர் கோச்சி என்பார். லயத்தாரும் அவரிடமிருந்து அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹமாடாவோ அமல்தாஸை எல்லோர் முன்னும் கோச்சு என்று அழைத்தார். சயாமில் காட்டை வெட்டி ரயில் பாதை போடுகிறார்கள், அதற்குத் தமிழாட்களைப் பிடித்துப் போகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்ற செய்தி அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஏறி வந்த நேரம் அது. கோச்சு வாத்தியார் பொறுக்கும் ஆட்கள் கோச்சி ஏறப்போகும் ஆட்கள் என்று லயம் முடிவு கட்டிவிட்டது.

அமல்தாஸுக்குச் சினம் வந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பில் பெற்ற பட்டத்தை ரயிலோடு சேர்த்துவிட்டார்களே என்ற சினம். லயத்துக்கு நேரே போனார்.

"கோச்சுன்னா ஆட்டம் சொல்லிக் குடுக்குறவன்டா. கோச்சியும் இல்ல, கூண்டுவண்டியும் இல்ல."

"அரிசி எதுக்குக் குடுக்குறான்? கோழிக்கும்தான் குடுக்குறோம்" என்றாள் வேலாயி.

"நான் பொறுக்குன ஆள ஒருத்தனும் சயாமுக்கு அனுப்ப மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு. என் வாக்க நம்பு, தங்கச்சி."

வேலாயி கணவனைப் பார்த்தாள். மாடசாமி தரையைப் பார்த்தான். மறுநாள் எல்லோரும் களத்துக்கு வந்தார்கள்.

மழைக்காலம் தொடங்குமுன் ஹமாடா அவரை அலுவலகத்துக்கு அழைத்தார். தோட்டத்திலிருந்து பத்து ஆட்கள் சயாமுக்குப் போக வேண்டும். திடகாத்திரமானவர்களாக இருக்க வேண்டும். ஈப்போப் பதவிக்கும் மேலிடம் இசைந்துவிட்டது. இரண்டையும் ஹமாடா ஒரே குரலில் சொன்னார்.

"யார் திடமானவர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். காலைப் பெரட்டில் பத்துப் பேரைக் காட்டிவிடுங்கள். பிற்பகல் லாரியில் நீங்கள் ஈப்போவுக்குப் போகலாம்."

"திடமானவர் எவரும் இல்லையென்றால்?"

"நானும் ஆடியவன்" என்றார் ஹமாடா.

வழியெல்லாம் அமல்தாஸ் அந்தப் பதவியையே எண்ணினார். அதை மறந்துவிட்டு லயத்தாரை மட்டும் எண்ணினார் என்று சொன்னால் பொய்யாகும். பத்துப் பேரும் ஹமாடாவுக்குக் கிடைக்காமல், பதவியும் கைநழுவாமல் இருக்க ஒரு வழி உண்டா என்று தேடினார். கிடைத்ததாகவே தோன்றியது. பொழுது சாயுமுன் எல்லோரையும் கூட்டி, பயிற்சியாளரின் குரலில் விளக்கினார். காலையில் எல்லோரும் நொண்ட வேண்டும். பந்தைப் போட்டால் தவறவிட வேண்டும். ஓடச் சொன்னால் விழ வேண்டும்.

"இத்தன நாள் விழாம இருக்கச் சொல்லிக் குடுத்தீங்க" என்றான் சிங்காரம். "இப்ப விழுறதுக்கும் நீங்களேதானா?"

"எந்தக் காலு நொண்டணும் வாத்தியாரே?" என்று கேட்டான் மாடசாமி.

"இடது. எல்லாரும் இடது."

காலைப் பெரட்டில் தோட்டமே நொண்டியது. கிழட்டுக் கங்காணி இருளப்பன், யாரும் அவரைச் சயாமுக்குக் கேட்கப்போவதில்லை என்றாலும், எல்லோரையும்விட உருக்கமாக நொண்டினார். பாதி வழியில் மறந்து வலது காலுக்கு மாறினார். கிரகரி இருமுவது போலச் சிரிப்பை அடக்கினார். ஹமாடா வரிசையில் மெல்ல நடந்தார். சிங்காரத்தின் மார்புக்கு நேரே பந்தை எறிந்தார். சிங்காரம் கைகளை விரித்துத் தவறவிட்டு, பந்துக்குப் பின்னால் தானும் விழுந்தான். நல்ல நடிப்பு. ஹமாடா பந்தை எடுத்து வரச் செய்து, இரண்டு ஆட்களைக் கடந்து நடந்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலேயே, முதுகுப் பக்கமாக, மாடசாமி நின்ற இடத்துக்கு அதை விசிறினார்.

மாடசாமி பிடித்தான். இடது காலை ஊன்றினான். வலது கால் அரை வட்டம் சுழன்றது. உடல் தாழ்ந்து திரும்பியது. பந்து இடுப்போரம் பதுங்கியது. அதன்பிறகுதான் அவன் முகத்துக்கு விஷயம் எட்டியது.

எவ்வளவு அழகு! அமல்தாஸின் மனத்தில் முதலில் எழுந்தது இதுதான். மகிழ்ச்சி, கலப்பில்லாத மகிழ்ச்சி. அடுத்த கணமே தன் நெஞ்சில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரிந்தது.

"மிகச் சிறந்த பயிற்சி. நொண்டுவதில்தான் இன்னும் உழைக்க வேண்டும்" என்றார் ஹமாடா. அவரே வரிசையில் நடந்து பத்துப் பேரைத் தொட்டார். முதலில் மாடசாமி, பிறகு சிங்காரம், பிறகு அணியின் மற்றவர்கள். அமல்தாஸின் பக்கம் வந்தார். "பதவி உங்களுக்குத்தான். இந்தக் காலையில் நடந்ததை நான் மறந்துவிடுகிறேன்."

வேலாயி கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள். அழவில்லை.

"வாக்குக் குடுத்தீங்களே வாத்தியாரே! நான் வேணாம்னுதானே சொன்னேன்?"

அமல்தாஸ் ஹமாடாவிடம் திரும்பினார்.

"ஆட்டத்தில் ஓர் ஆளை மாற்றப் பயிற்சியாளருக்கு உரிமை உண்டு."

"உண்டு. யாரை எடுக்கிறீர்கள்?"

"மாடசாமியை எடுத்துவிட்டு என்னை இறக்குகிறேன்."

ஹமாடா கேலி செய்யவில்லை. ஆடியவர்கள் விதியைப் பற்றி யோசிப்பது போல உண்மையிலேயே யோசித்தார்.

"பயிற்சியாளர் களத்தில் இறங்க விதியில்லை."

"அப்படியானால் நான் பயிற்சியாளர் அல்ல."

"ஈப்போவில் உங்கள் பெயரைச் சொல்லியாயிற்று. இனி ஒருமுறை நான் சொல்ல மாட்டேன். பிறகு உங்களை எவனும் கோச்சு என்று கூப்பிடமாட்டான். புரிகிறதா?"

"புரிகிறது."

ஹமாடா களத்தோரம் நின்ற லாரியைக் காட்டினார். பிறகு, "ஏறு" என்றார்.

பவுலின் வீட்டிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. கிரகரி அதைப் பிடுங்கிச் சுருட்டி எறிந்தார். லாரியின் பின்தடுப்பில் மாட்டிக்கொண்டது. மாடசாமி பெரட்டுக் களத்திலேயே நின்றான். எந்தக் கால் நொண்டுவது என்று அவனுக்கு இப்போது யாரும் சொல்லவில்லை. வேலாயி அவன் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ரிங்லெட்டைத் தாண்டி வளைவுகளில் லாரி இறங்கியபோது சிங்காரம் இருமுறை வாந்தி எடுத்தான். அமல்தாஸ் அவன் தலையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் துடைத்துக்கொண்டு அவன் நிமிர்ந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா வாத்தியாரே?"

"கேளு."

"நீங்க சொன்னபடி செஞ்சவன் நானு. பந்த விட்டேன். விழுந்தேன். முட்டியெல்லாம் தோலு போச்சு. சொன்னபடி செய்யாதவனுக்குத்தான் ஆளு மாத்துனீங்க. எனக்கு ஏன் மாத்தல?"

மற்ற எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். அமல்தாஸ் உண்மையைத்தான் தேடினார். மாடசாமிக்கு மனைவி இருந்ததா, வேலாயியிடம் கொடுத்த வாக்கா, அந்த அரை வட்டமா? எது முந்தியது என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை.

"எங்கிட்ட இருந்தது ஒரு ஆளுதான் சிங்காரம்" என்றார் கடைசியில்.

"அதுவும் வயசான ஆளு" என்றான் சிங்காரம். யாரோ ஒருவன் சிரித்தான். கம்பளி ஒன்றுதான் இருந்தது. அதை யார் யார் எப்போது போர்த்துவது என்ற வாக்குவாதம் தாப்பா வரை நீடித்தது.

தாப்பா ரயில் நிலையத்தில் ஒரு மலாய்க்காரக் குமாஸ்தா மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவனிடமும் பெயரும் வேலையும் கேட்டான். அமல்தாஸின் முறை வந்தது. ஆங்கிலத்தில் பதில் சொன்னால் நிழலில் ஓர் எழுத்து வேலை கிடைக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. பின்னால் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள்.

"கூலி" என்றார்.

குமாஸ்தா தலை நிமிராமல் அடுத்தவனைக் கூப்பிட்டான்.