பட்டன் கட்டிய உருண்டை

மாமா முழங்கையை மடக்கிக் காட்டியபோது ஸ்வெட்டரின் ஓட்டை வழியே உள்சட்டை எட்டிப் பார்த்தது. "மாப்ள, இதுக்குத்தான் உங்கக்கா செங்கல் கலர்ல ஒரு நூல் உருண்டை வச்சிருந்தா. பட்டன் கட்டி வச்சிருப்பாளே, அது. உன்கிட்டதானே இருக்கு?"

மூக்குக் கண்ணாடிக் கடைக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்ற ஊசி, துடைத்து முடித்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான். ஊசி என்பது கடையில் வைத்த பெயர். சிகரெட்டை விடப்போகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சபதம் செய்தவன், சும்மா இருக்கிற கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று அக்காவிடம் பின்னல் கற்றுக்கொண்டான். அக்கா முழு ஸ்வெட்டர் பின்னுவாள். இவனுக்கோ ஒரு கை முடிவதற்குள் பொறுமை முடிந்துவிடும். அதனால் அவள் மிச்சம் வைக்கிற நூலில் கண்ணாடி உறை, சாவிக்குக் குஞ்சம், தலைப்பட்டை என்று ஆசை ஆறுவதற்குள் முடிகிற சமாச்சாரங்களோடு நின்றுகொண்டான். அவற்றை வாடிக்கையாளர்களுக்குச் சும்மா கொடுப்பான். சும்மா கிடைத்தால் யாரும் எதையும் அழகு என்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் புதுசாகப் பூரித்துப்போவான்.

அக்கா கண்ணை மூடிய பிறகு நூல் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தவரே மாமாதான். "இங்க கிடந்தா பூச்சி திங்கும், எடுத்துக்கோ." அதற்குள்தான் அந்த உருண்டை இருந்தது. நுனியில் மாமாவுடைய ஸ்வெட்டரின் உதிரிப் பட்டன். அக்கா இருந்தபோது ஒருமுறை அதன்மேல் கைவைத்துவிட்டு முதுகில் வாங்கியிருக்கிறான். "பட்டன் கட்டியிருந்தா அது மிச்சமில்லடா எருமை. உங்க மாமா என்னைக்காவது எங்கயாவது கிழிச்சிட்டு வந்து நிப்பாரு. அப்ப இதே சாயத்துக்கு நான் எந்தக் கடையில போய் நிக்க?"

ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. அக்கா போன கொஞ்ச நாளில் ஒரு பாட்டு டீச்சர் மூக்குக் கண்ணாடி வாங்க வந்தார். அலமாரியில் கிடந்த உறைகளைத் தொட்டுப் பார்த்து, "இது கையா, மெஷினா?" என்றார். அவ்வளவுதான். செங்கல் நிறத்தில் ஒரு தலைப்பட்டை இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இவன் மனத்தால் பாதி பின்னிவிட்டான். பட்டனைக் கத்தரித்துக் கண்ணாடித் திருகுகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டான். உருண்டை முழுக்கத் தீர்ந்தது.

"இருக்கு மாமா. வீட்டுல பத்திரமா இருக்கு." பொய் இத்தனை வழுவழுப்பாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"அப்ப விட்டுட்டுப் போறேன். புதுக் கண்ணாடி ரெடியானதும் ரெண்டையும் சேர்த்து வாங்கிக்கிறேன். கொஞ்சம் சீக்கிரம் பாரு. குளிருதுன்னு இல்ல… இது இல்லாம ஒரு மாதிரி இருக்கு." கழற்றிய ஸ்வெட்டரைக் கவுண்டரில் வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது அவருக்கு. மாமாவுக்குப் பார்வைதான் புகை மூட்டமாக இருக்கிறதே, வேறு நூல் போட்டாலும் தெரியுமா என்று ஊசியின் புத்தி போனது. அந்தப் புகையை நீக்கப்போகிற கண்ணாடியைச் செய்கிறவனும் தான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் வீடு தேடிப்போய்த் தட்டியபோது, பாட்டு டீச்சர் தலைப்பட்டையோடேயே கதவைத் திறந்தார். "டீச்சர், அந்தப் பட்டையில ஒரு சின்னத் தப்பு இருக்கு."

"எங்க?"

"என்கிட்ட."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முன்பின் பழகாத ஆளிடம் உண்மை எவ்வளவு சுலபமாக வருகிறது! அவர் பட்டையைக் கழற்றினார். முடி நெற்றியில் சரிந்தது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன். தினம் நடக்கப் போறப்ப இதைத்தான் போட்டுக்குவேன். துவைச்சுத் துவைச்சு வெளுத்துப்போச்சு, பரவாயில்லையா?" கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

பிரித்த நூல் கோபித்துக்கொண்டதுபோல் சுருண்டு சுருண்டு கிடந்தது. அலசி, அடியில் கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்தினான். முழங்கையில் வைத்துப் பின்னியபோது நிறம் அச்சாகப் பொருந்தியது. ஸ்வெட்டரும் வெயிலிலும் சோப்பிலும் இதே அளவு வெளுத்திருந்தது. உருண்டை மூட்டைக்குள்ளேயே இருந்திருந்தால் ஒட்டு பளிச்சென்று காட்டிக்கொடுத்திருக்கும். திருடியதற்குப் பரிசு கிடைத்த மாதிரி இருந்தது அவனுக்கு. அதைவிட நாலு திட்டு கிடைத்திருக்கலாம்.

மாமா புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழங்கையைத் தடவினார். "எங்க கிழிஞ்சதுன்னே தெரியலையே! பாத்தியா, உங்கக்கா எடுத்து வச்சா அப்படித்தான். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கலர் அப்படியே சேருது பாரு."

"மாமா, ஒண்ணு சொல்லணும்…"

"இரு, அந்தப் பட்டன் எங்க? கழுத்துப் பட்டனும் ஆடுது, அதையும் மாத்திடலாம்."

சொல்வதைத் தள்ளிப்போட ஒரு சாக்குக் கிடைத்த நிம்மதியில் ஊசி இழுப்பறையைத் திறந்து, திருகுகளுக்கு நடுவிலிருந்து பட்டனைப் பொறுக்கிக் கவுண்டரில் வைத்தான். வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. பட்டன் துளையில் அக்கா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. கத்தரித்த நுனியில் ஒரு துளி நூல். வெயிலோ சோப்போ பார்க்காத நூல். அப்போதுதான் சூளையிலிருந்து இறக்கிய செங்கல் போல இருந்தது அதன் நிறம்.

மாமா முழங்கையைப் பட்டன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். பட்டனைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கண்ணாடி நல்லாத்தான் செஞ்சிருக்க மாப்ள" என்றார், தலையை நிமிர்த்தாமல். "எல்லாம் தெளிவாத் தெரியுது."

கவுண்டரில் மாமாவின் விரல் நுனி, படிந்து கிடந்த அந்தத் துளிச் சிவப்பை மெல்ல மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தது.