மூணாம் நம்பர் கடல் பார்க்கக் கிளம்பியது

எங்கள் ஊர் இலகு ரயிலிடம், கிளம்புகிற நேரத்தில் யாராவது "எங்கே போறீங்க?" என்று கேட்டுவிட்டால், அது வந்த வழியே டெப்போவுக்குத் திரும்பிவிடும். கொஞ்ச நேரம் உட்காரும். ஒரு வாளி தண்ணீர் குடிக்கும். பிறகுதான் மறுபடி கிளம்பும். நல்ல குடும்பத்து ரயில், அப்படித்தான் இருக்கும்.

இது தெரிந்தும் நான் செய்த வேலையைக் கேளுங்கள். மின்சாரம், சிக்னல், தகவல் தொடர்பு மூன்றையும் புதுப்பிக்க என்னை ஆலோசகராக அமர்த்தியிருந்தார்கள். தலைக்கு மேலே புதுக் கம்பி, புதுத் துணை மின்நிலையம், ஒவ்வொரு சிக்னலுக்கும் பேச ஒரு வாய். அடடா, சோதனை ஓட்டத்தன்று காலையில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை! தண்டவாளம் பிரிகிற இடத்தில் ரயில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சிக்னலுக்குத் தெரிய வேண்டுமே. அதனால் எல்லாச் சிக்னலையும் "எங்கே போறீங்க?" என்று கேட்க வைத்திருந்தேன்.

மூணாம் நம்பர்தான் முதலில் கிளம்பியது. இருக்கிற ரயில்களில் அதுதான் மூத்தது. கடலைப் பார்த்ததே இல்லை. வழித்தடத்தை இப்போதுதான் கடற்கரைவரை நீட்டியிருந்தோம். மதியத்துக்குள் அது அங்கே போய்ச் சேராவிட்டால் வழித்தடத்தைப் புது ரயிலுக்குக் கொடுத்துவிட்டு, இதைப் பூங்காவில் ஐஸ்கிரீம் கடையாக நிறுத்திவிடுவார்கள். முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு ஆசையாக வந்திருந்தது.

முதல் சிக்னல் கேட்டது. மூணாம் நம்பர் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது. சிக்னல் மறுபடி கேட்டது. அதுவும் மறுபடி திரும்பியது.

"சார், இன்னொரு வாளி குடிச்சா இதுக்கு வயிறு உப்பிரும்," என்றார் ஓட்டுநர் ஜெபக்கனி. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கடலப் பாக்கப் போறோம்னு ராத்திரி பூரா தூங்கல சார், பாவம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிக்னலின் வாயைக் கழற்றிவிடலாம் என்று திருப்புளியோடு எழுந்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் ரயில் அதிகாரி அமிர்தகடேசன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழி? உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க. ரொம்ப தூரமோ?" என்று மாற்றிக் கேட்டார்.

"இல்ல, இந்தா இங்கதான், முதல் சிக்னல் வரைக்கும்," என்றேன்.

சொன்ன கையோடு துள்ளிக் குதித்தேன். போகிற இடத்தை நானே சொல்லிவிட்டேனே! கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி, எல்லாச் சிக்னலுக்கும் அந்தக் கேள்வியையே சொல்லிக்கொடுத்தேன்.

"ரொம்ப தூரமோ?" என்று முதல் சிக்னல் பணிவாகக் கேட்டது.

"கடற்கரை வரைக்கும்," என்றது மூணாம் நம்பர். பச்சை விழுந்தது!

என்ன வேகம் தெரியுமா! ஜெபக்கனிக்குப் பின்னால் நின்று நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்திக்கொண்டே போனேன். மாவுமில், உப்பளம், கலங்கரை விளக்கம் எல்லாம் பறந்தன. மதியத்துக்கு முன்னாலேயே கடற்கரை நிலையம் வந்துவிட்டது.

கடல் இல்லை. ஈர மணல்தான் கிடந்தது.

கடைசி சிக்னல் தண்ணீர் ஓரமாகத் தனிக் கம்பியில் இருந்தது. புதுக் கேள்வி அதற்குப் போய்ச் சேரவில்லை. காலையில் கிளம்பி வந்த கடலைப் பார்த்துப் பழைய கேள்வியையே கேட்டுவிட்டது. கடல் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் குடித்து முடிக்க நேரமாகும்.

மூணாம் நம்பர் விளக்குகளை அணைத்துவிட்டுச் சும்மா நின்றது. மணலில் ஓடிப்போய் அந்தச் சிக்னலின் கேள்வியை என் கையாலேயே மாற்றினேன்.

வெகுநேரம் கழித்துத் தூரத்தில் இரைச்சல் கேட்டது. கடல் வந்துகொண்டிருந்தது.

"ரொம்ப தூரமோ?" என்றது சிக்னல்.

"இல்ல, ரயில் பாக்கத்தான்," என்றது கடல். "இதுவரைக்கும் பாத்ததே இல்ல."

மூணாம் நம்பரின் அத்தனை விளக்குகளும் எரிந்தன. கதவுகள் திறந்தன. கடல் ஏறத் தொடங்கியது.

"படியில நிக்காம உள்ள போங்க," என்றார் ஜெபக்கனி.