சீட்டுக்குப் பக்கத்தில் காலி இடம்

"அம்மா, இதுக்கு மேல வண்டி வராது" என்று அமரர் ஊர்தி ஓட்டுநர் போனில் சொன்னபோது, அவள் தரையில் உட்கார்ந்து இன்னொரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கணவர் மேல் போர்த்த நல்ல வெள்ளைப் போர்வை ஒன்று வேண்டும். இந்த வீட்டுக்குக் குடிவந்தது கோடையில். மழைக்காலமே வந்துவிட்டது, போர்வை எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறதென்று இன்னும் தெரியவில்லை. இந்தப் பெட்டியில் இருந்தது ஒரு சல்லடையும் பழைய வீட்டுத் திரைச்சீலைகளும்.

"வராதுன்னா?"

"ஓடைக்கு அந்தப் பக்கமே நிக்கிறேன்மா. உள்ள எறக்குனா சேத்துல மாட்டிக்கும். ஒரு எட்டுப் பத்துப் பேரு இருந்தா தோள் மாத்தித் தோள் மாத்தித் தூக்கிட்டு வந்துடலாம். ஆள் இருக்காங்கல்ல?"

அவள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். காலை பஸ்ஸில் வந்திறங்கிய மகள், அப்பாவின் விரலிடுக்கில் இருந்த கிரீஸை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அது போகாது. முப்பது வருஷமாக அம்மாவே துடைத்துப் பார்த்துக் கைவிட்டதுதான். சுவரோரம், பின்னாலிருக்கும் பட்டறையில் அவருக்குப் பற்றவைத்துக் கொடுக்கும் வெல்டர் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாசலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் குடையை மடக்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பட்டறைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று இரண்டு முறை வந்து சண்டை போட்டுவிட்டுப் போனவர். அவ்வளவுதான் கூட்டம்.

"இருக்காங்க, இருங்க" என்று போனை வைத்தாள்.

பழைய தெருவாக இருந்தால் இந்நேரம் காலை வைக்க இடமிருக்காது. இருபது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் அவள். தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் வேனில் தூங்கி வழிந்து வளர்ந்தவர்கள். வேன்காரம்மா என்றால்தான் தெரியும், அவள் பெயர் அவளுக்கே மறந்துபோகும் அளவுக்கு. இங்கே அவளை யாரும் எப்படியும் கூப்பிடுவதில்லை. கூப்பிட ஆள் வேண்டுமே.

எல்லாம் அந்தப் பட்டறையால் வந்தது. அடுத்தவன் வண்டிக்கு அடியிலேயே ஆயுசு முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டேன், எனக்கென்று ஒரு வண்டி கட்டணும், அதற்கு ஒரு இடம் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கு மனுஷன் வீட்டுக்குள் வரவேயில்லை. பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குள் போனவர்தான், கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாங்கிடலாம்" என்றார். "அடுப்படி எப்படி இருக்குன்னாவது பாருங்க" என்றதற்கு, "இருக்கும்ல?" என்றார். இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போகவேண்டிய அடுப்படி.

பட்டறையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு ஆணி, ஆணிக்குக் கீழே அதன் உருவத்தை வரைந்த பெயிண்ட் கோடு. வீட்டுக்குள் ஒரு காலண்டர் மாட்ட ஆணி இல்லை. குளியலறைக் கதவு வந்து இறங்கிய நாளிலிருந்து சுவரில் சாய்ந்தபடியே நின்றது. "ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்." எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கதவுக்குப் பதில் ஒரு பழைய சேலைதான் தொங்கியது.

அப்படி என்ன வண்டி? ஒரு பழைய சின்ன லாரியின் எலும்புக்கூட்டை இழுத்துவந்து, இடுப்பு உயரச் சக்கரங்களை மாட்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற மாதிரி அடியில் எதையெதையோ மாற்றி... "மலை மேல, ரோடே இல்லாத எடத்துக்குப் போற வண்டி இது" என்றார் ஒருநாள், முகமெல்லாம் பூரிப்பாக. "ரோடு இருக்கிற எடத்துக்கே நாம இன்னும் போனதில்லையேங்க" என்றாள் அவள். சிரித்தார். அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள், உள்ளே ஒரு சீட்தான் இருந்தது. பக்கத்தில் வெறும் தகரத் தரை.

"ஏங்க, இந்தப் பக்கம் எனக்கா?"

"மொதல்ல வண்டி நிக்கட்டும்."

"எனக்கான்னு கேட்டேன்."

"பாக்கலாம், பாக்கலாம்."

அந்தப் பாக்கலாமுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. பொண்ணு பார்க்க வந்த அன்றைக்குக்கூட அதையேதான் சொல்லிவிட்டுப் போனார், பிறகு வந்து கட்டிக்கொண்டார். பள்ளிக்கூட வேனை விற்றுவிட்டு வேறு ஒன்று வாங்கலாமா என்றதற்கும் பாக்கலாம் என்றார், அது நடக்கவில்லை. தன்னை இந்தக் காட்டில் உட்காரவைத்துவிட்டு மனுஷன் தனியாக மலையேறப் போகிறாரா, தன்னையும் ஏற்றிக்கொண்டு போவாரா? தட்டைக் கழுவும்போதும் துணியை உலர்த்தும்போதும் இதே யோசனைதான். மறுபடி கேட்க மனசு வரவில்லை. அவராகச் சொல்லட்டுமே என்றிருந்தாள்.

நேற்று மத்தியானம் கிரைண்டர் சத்தம் நின்றது. அப்பாடா என்று அவள் கொஞ்சம் கண்ணசந்தாள். எழுந்து டீயைக் கொண்டுபோனபோது, அந்தப் பெரிய சக்கரத்தில் சாய்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தொட்டால் சில்லென்றிருந்தது. அந்த அப்பாடாதான் நேற்றிலிருந்து அவள் தொண்டையில் நிற்கிறது.

"அக்கா" என்றான் வெல்டர் தம்பி தயங்கித் தயங்கி. "அண்ணன் வண்டி இருக்கே."

"ஓடுமா அது?"

"செல்ஃப் எடுக்கும். போன வாரம்கூட ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாரு. பிரேக்கு இருக்கு. லைட்டு இல்ல, ஹாரன் இல்ல. ஷெட்ட விட்டு வெளிய வந்ததில்ல."

"ஓட்டுவியா?"

"எனக்குப் பத்தவைக்கத்தான்க்கா தெரியும்."

தோட்டத்துக்காரர் தன்னைக் கேட்பதற்கு முன்பே முடியாது என்று தலையை ஆட்டினார். மகள் துணியைக் கீழே வைத்தாள். "என்னம்மா யோசிக்கிற? உன்ன விட்டா யாரு ஓட்டுவா?"

போர்வை கிடைக்கவில்லை. திரைச்சீலைகளில் வெளிர்நிறமாக ஒன்றை எடுத்து உதறிப் போர்த்தினாள். தூக்கிப் போகப் பலகை ஏதாவது இருக்கிறதா என்று வெல்டர் தம்பி சுற்றுமுற்றும் பார்த்தபோது, அவளே குளியலறைக் கதவைக் கைகாட்டினாள். ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். கனத்தார் மனுஷன். "மெதுவா, மெதுவா, நெலப்படி பாத்து" என்று தோட்டத்துக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியின் பின்தட்டில் கதவு கச்சிதமாக உட்கார்ந்தது.

அவள் கம்பியைப் பிடித்து ஏறி சீட்டில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பிரேக்கும் எட்டவில்லை, கிளட்சும் எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் கைவிட்டு நகர்த்தும் கொக்கியைத் தேடினாள்.

"நகராதுக்கா" என்றான் வெல்டர் தம்பி, ஏதோ தானே குற்றம் செய்தவன் மாதிரி. "நகர்ற மாதிரி வச்சா குழியில ஆடும், தரையோட பத்தவைன்னுட்டாரு. அவரு உக்காந்து, கால நீட்டிக் காட்டி அளவு குடுத்தாரு."

அவரோ பனைமரம். அவளோ நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தொங்குகிறவள். இத்தனை வருஷத்தில் இது அவருக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அவளை நினைத்திருந்தால் இந்தச் சீட்டைத் தரையோடு பற்றவைத்திருப்பாரா? வந்த கோபத்தில் அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை.

"தலகாணி கொண்டா" என்றாள் மகளிடம்.

மகள் கட்டிலிலிருந்த இரண்டையும் கொண்டுவந்தாள். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் திணித்த பிறகு பிரேக் எட்டியது. கிளட்ச் பாதி எட்டியது. செல்ஃப் போட்டாள். இருமி, குலுங்கி, வண்டி எழுந்துகொண்டது. ஆனால் கியரைத் தள்ளியதும் கறகறவென்று ஒரு சத்தம், தகரக் கொட்டகையே அதிர்ந்தது.

இந்தச் சத்தம் கேட்டால் போதும், மனுஷன் எங்கே இருந்தாலும் கத்துவார். குளித்துக்கொண்டிருந்தாலும் கத்துவார். தெருமுனையில் அவள் வேன் திரும்பும்போது கியர் கடித்தால் வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். "கிளட்ச முழுசா மிதிம்மா! கியர் பல்லு போயிடும்!" வேனில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "முழுசா மிதிம்மா!" என்று திருப்பிக் கத்தும்.

"எப்படி முழுசா மிதிக்கிறதாம்?" என்றாள் அவள் பின்பக்கம் திரும்பாமலே. "நீங்க பண்ணி வச்ச லட்சணம்தான் இது. சத்தம் கேக்குதுல்ல? நல்லாக் கேளுங்க."

"யார்கிட்டம்மா பேசுற?" பின்தட்டிலிருந்து மகள் கேட்டாள்.

"உங்கப்பாகிட்டதான். வேற யார் இருக்கா இங்க பேச?"

மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னால் தோட்டத்துக்காரர் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் அவர் முகத்துக்கு மேல் பிடித்திருந்தார். பாதையில் சேறு சக்கரத்தைப் பிடித்து இழுத்தது, வண்டி அதைச் சட்டை செய்யவில்லை. ஓடையில் இறக்கினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் விலகி அடித்தது. ஒரு சறுக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. மாடு மேடேறுகிற மாதிரி அடியெடுத்து வைத்து ஏறிவிட்டது. நல்ல வண்டிதான் கட்டியிருக்கிறார். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தார் ரோட்டில் ஊர்தி ஓட்டுநர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "எறக்கி நம்ம வண்டில ஏத்திடலாம்மா."

"வேணாம்" என்றாள். "அவரு இதுல இன்னும் ஒரு தடவகூடப் போனதில்ல. இதுலயே வரட்டும்."

"நம்பர் பிளேட்டே இல்லையேம்மா!"

"நீங்க வெளக்கப் போட்டுட்டு முன்னால போங்க. நான் பின்னாலயே வர்றேன். யாரு நிறுத்துறான்னு பாப்போம்."

யாரும் நிறுத்தவில்லை. ஒரு கடைவாசலில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

மயானத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கூட்டம் இருந்தால்தானே நேரமாகும். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் அந்தக் கதவை என்ன செய்வது என்று வெல்டர் தம்பி கேட்டான். "வீட்டுக்குத்தான். மாட்டணும்ல?" என்றாள்.

திரும்பும்போது மகளும் தோட்டத்துக்காரரும் பின்னால் கதவோடு உட்கார்ந்துகொண்டார்கள். வெல்டர் தம்பி மட்டும் முன்னால் வந்து, சீட்டுக்குப் பக்கத்துத் தகரத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மழை விட்டிருந்தது. ஓடை வந்ததும் வேகத்தைக் குறைத்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். நீ உக்காந்திருக்க எடத்துல என்ன வைக்கிறதா இருந்தாரு?"

அவன் ஓடையைப் பார்த்தான். பிறகு தன் கால்விரலைப் பார்த்தான். "அது... இன்னும் முடிவு பண்ணல போலக்கா. சீட்டாக்கூட இருக்கலாம்."

"பொய் சொல்லாத."

"தண்ணி டேங்க்குக்கா."

அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். வண்டி ஓடை நடுவில் நின்றது.

"தண்ணி டேங்க்கா?"

"மலை மேல தண்ணி கெடைக்காதுன்னு... பெருசா ஒண்ணு. அளவுகூட எடுத்துட்டோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தண்ணி டேங்க்கு! எத்தனை நாள் அடுப்படியில் நின்று இதற்கா மண்டையை உடைத்துக்கொண்டாள்! ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எங்கே சிரிப்பு முடிந்தது என்று வெல்டர் தம்பிக்குத் தெரியவில்லை. அவன் பயந்துபோய்ப் பின்னால் திரும்பி மகளைப் பார்த்தான். மகள் கையைக் கம்பி வழியாக நீட்டி அம்மாவின் தோளில் வைத்தாள். வண்டிக்கு அடியில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"பாவி மனுஷன்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்தாள்.

வாசலில் தோட்டத்துக்காரர் இறங்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தவர், "சத்தம் இருந்தா ஒண்ணும் பரவால்லம்மா இனிமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, நனைந்த சட்டையோடு நடந்தார். மகள் விளக்கைப் போட உள்ளே போனாள். வெல்டர் தம்பி பட்டறைத் தகரக்கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்துவிட்டு நின்றான்.

"சீட்ட வெட்டி முன்னால வச்சுத் தந்துடறேன்க்கா. ஒரு மணி நேர வேல."

"பாக்கலாம்" என்றாள்.

பின்புறமாக உள்ளே விட வேண்டும். தலையணைகள் நழுவியிருந்தன. அவருடையது நடுவில் குழிந்து, பின்னுக்குப் போய்விட்டது. கிளட்சை எட்டியவரை மிதித்து ரிவர்ஸுக்குத் தள்ளினாள். கறகறவென்று கடித்தது, கிளம்பும்போது கடித்ததைவிட மோசமாக. சுவரில் ஆணிகளில் தொங்கிய ஸ்பேனர்களெல்லாம் கிணுகிணுவென்று ஆடி அடங்கின.

அவள் கையைக் கியரிலிருந்து எடுக்காமல், தலையை வீட்டுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு சீட்டின் நுனிக்கு நகர்ந்து, காலை நீட்டி, கிளட்சை அடிவரை மிதித்தாள்.