சைலாவின் இடது காது

போன குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் சைலாவின் இடது காது உறைந்து கறுத்துவிட்டது. ஒல்கீ நகரத்தில் மருந்து போட்ட டாக்டரம்மா, இன்னொரு தடவை இப்படி ஆனால் காதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், காதை மூடுகிற தொப்பி இல்லாமல் மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். திரும்பும் வழியில் சந்தையில் ஒரு கம்பளிக் குல்லா வாங்கி மாட்டிக்கொண்டார். அதை எவ்வளவு இழுத்துவிட்டாலும் பாதிக் காது வெளியேதான் நிற்கும்.

சொன்னால் வெட்கக்கேடு. இவர் கழுகை வைத்து நரி பிடிக்கிறவர். எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் தலையில் இருப்பது இவர் கழுகு அடித்த நரியின் தோல்தான். இவருடைய பழைய தொப்பி முடி கொட்டி வழுக்கையாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் கிடைக்கிற நரி இவர் தலைக்கு மட்டும் கிடைக்கவில்லை.

காரணம் எங்கள் ஊர் வழக்கம். வேட்டையோடு திரும்புகிறவனை வழியில் பார்க்கிற யாரும் 'சிரல்கி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேணத்தில் தொங்குவதை அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் ஆள் இல்லாத பாதையாகப் பார்த்து, ஓடைப் பக்கம் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள். இவர் நடுப் பாதையில், பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்.

இந்தக் குளிர்காலத்தின் முதல் நரியைப் பக்கத்து வீட்டுப் பிக்கே வாங்கிக்கொண்டார். இரண்டாவதை வண்டி பழுதாகி நின்ற லாரிக்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். அவன் பெயர்கூட இவருக்குத் தெரியாது. மூன்றாவது மறுபடியும் பிக்கேவுக்கு. குடிதண்ணீருக்காக ஓடையில் பனிக்கட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது தற்செயலாகப் பார்த்தாராம். அந்த மனிதர் வீட்டில் மூன்று நாளைக்குத் தேவையான பனிக்கட்டி ஏற்கெனவே அடுக்கியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இவரிடம் சொன்னால், கேட்டவனுக்கு இல்லை என்று சொன்ன கை கழுகைத் தாங்காது என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது தடவை இவர் மலைக்குப் போனபோது நானும் குதிரையில் ஏறினேன். பிக்கே வீட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கணவாய் வாயில் போய் நின்றேன். கால் மரத்துப்போகும்வரை நின்றேன். கடைசியில் பாட்டுச் சத்தம் கேட்டது. சேணத்தில் நல்ல செந்நரி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தால், பனிக்கட்டிக் கோடாலியோடு பிக்கே மேலேறி வந்துகொண்டிருக்கிறார். நான் குதிரையைக் குறுக்கே விட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"ஜூபார், நீ என் பொண்டாட்டி" என்றார்.

"பொண்டாட்டிக்குக் கிடையாதுன்னு யார் சொன்னா? வழியில நிக்கிறேன், கேட்டுட்டேன். குடுங்க."

மனிதர் நரியை அவிழ்த்துக் கொடுத்தார். பிக்கே கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு, சும்மா காற்று வாங்க வந்தவர்போல் திரும்பிப் போனார்.

அதன்பிறகு இரண்டு வாரம் என் பிழைப்பு நரியோடுதான். உட்பக்கத்துக் கொழுப்பை மொட்டைக் கத்தியால் சுரண்டி எடுக்கவே ஒரு முழுப் பகல் ஆனது. கொஞ்சம் அழுத்தினால் தோல் கிழியும், அழுத்தாவிட்டால் கொழுப்பு நின்று நாறும். புளித்த மோரில் உப்பும் மாவும் கரைத்துக் கூழாக்கி உள்ளே பூசி, மடித்து, சுருட்டிக் குளிர்ந்த மூலையில் வைத்தேன். தினமும் பழையதை வழித்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். வீடு நாறுகிறது என்று இவர் மூக்கைப் பிடித்தார். கழுகுக்குப் போடுகிற பச்சை இறைச்சி மட்டும் வாசனையாக இருக்கிறதாக்கும்.

ஐந்தாம் நாள் நான் மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்தால், தோல் அடுப்புப் பக்கத்தில் கிடக்கிறது. சீக்கிரம் ஆகட்டும், உனக்கு உதவியாக இருக்குமே என்று இவர்தான் நகர்த்தி வைத்திருக்கிறார். பதனம் ஆகாத தோலில் சூடு பட்டால் முடி வேரோடு கழன்று வரும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வயிற்றுப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடி என் கையோடு வந்துவிட்டது. அன்று நான் பேசியதை எழுத முடியாது. இவர் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்க் கழுகோடு உட்கார்ந்துகொண்டார்.

நல்லவேளை, முதுகுப் பக்கம் தப்பியது. கெட்டதை வெட்டி எறிந்தேன். தோல் காய ஆரம்பித்ததும் பலகை விளிம்பில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து இழுத்துப் பிசைந்தேன். ஈரம் போவதற்குள் பிசையாவிட்டால் அது மரக்கட்டையாகிவிடும். இரண்டு நாளில் தோள்பட்டை கழன்றுவிட்டது. மூன்றாம் நாள் தோல் வெளுத்து, துணி மாதிரி மடிந்தது. முடிக்கு மாவு போட்டுத் தேய்த்து உதறினேன், பளபளத்தது. உச்சிக்கு ஆட்டுக்குட்டித் தோல், வெளியே சிவப்புப் பட்டு, நெற்றியிலும் பிடரியிலும் இரண்டு காதிலும் நரி என்று வைத்துத் தைத்தேன். என் கையைப் பற்றி நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் அப்படி ஒரு தொப்பி இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

கொண்டுபோய் முன்னால் வைத்தேன். தடவிப் பார்த்தார், ஆசையாகத்தான் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இது உன்னோடது ஜூபார். கேட்டே, குடுத்தேன். குடுத்த வேட்டையைத் திருப்பி வாங்கினா கழுகு இனிமே எனக்காக இறங்காது."

எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. பிக்கேவிடம் கொடுத்து, அவர் கையால் கொடுக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பிக்கே ஒரு தடவை தலையில் வைத்துப் பார்த்துவிட்டால் முடிந்தது கதை. ஒருவர் தலையில் ஏறின தொப்பியை எங்களில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை, தலையின் அதிர்ஷ்டம் அதோடு போய்விடும் என்பார்கள். தொப்பி ஆணியில் தொங்கியது. இவர் கம்பளிக் குல்லாவோடு மலைக்குப் போய் வந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் நான் அந்தக் காதைப் பார்த்தேன். உறையப்போகிற காதுபோல் வெளுத்துக்கொண்டே வந்தது.

பிறகு அந்தக் காலை வந்தது. துப்பினால் எச்சில் தரையில் விழுவதற்குள் கட்டியாகிற குளிர். போகாதீர்கள் என்றேன். புதுப் பனி விழுந்திருக்கிறது, நரித்தடம் தெளிவாகத் தெரியும் என்றார். கழுகைக் கையில் ஏந்திக் குதிரையில் ஏறிவிட்டார். நான் ஆணியில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டிப் பாதையில் குதிரைக்கு முன்னால் போய் நின்று மூச்சு வாங்க, "சிரல்கி" என்றேன்.

"வேட்டைக்கே இன்னும் போகலையே. என்கிட்ட என்ன இருக்கு?"

"அந்த இடது காது இருக்கு. அதைக் குடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "காது என்ன வேட்டையா?"

"குளிர் அடிக்கப்போற வேட்டை. அது அடிக்கிறதுக்கு முன்னாடி நான் கேட்டுட்டேன். பேர் தெரியாதவனுக்கெல்லாம் நரி குடுத்தீங்க. பதினெட்டு வருஷமா கூட இருக்கிறவளுக்கு ஒரு காது குடுக்க மாட்டீங்களா?"

சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் இமையிலேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வலது கையில் கழுகு, இடது கையில் கடிவாளம். சேணத்திலிருந்து குனிந்து தலையை என் பக்கம் நீட்டினார்.

"எடுத்துக்க" என்றார்.

கம்பளிக் குல்லாவைப் பிடுங்கி எறிந்தேன். தொப்பியை அழுத்தி வைத்துத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். என் காதுக்கு என் தொப்பி, இதில் உங்களுக்குப் பேச்சே கிடையாது, பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பொழுது சாயும்போது வெறும் சேணத்தோடு வந்தார். வழியில் பிக்கே தொப்பியையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாராம். "தொப்பி ஜூபாரோடது, உள்ள இருக்கிற காதும் அவளோடது, குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாராம். நான் முடிச்சை அவிழ்த்தேன். காது சிவந்து, சுடச்சுட இருந்தது. நம்பாமல் மடலைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினேன். மனிதர் அலறினார். இன்னொரு தடவை கிள்ளினேன்.