ஞாயிறு மடலின் கடைசிப் பத்தி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி அடித்தால் ஜெயச்சந்திரனின் மடல் வாட்ஸ்அப்பில் வந்து விழும். சித்தூர், திருப்பதி வட்டார எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டாக எழுதுவார். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் சாவு, திருமலை மருத்துவ முகாமில் இந்த வாரம் யாருக்கு முறை, எல்லாம் அதில் இருக்கும். அதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. 'என் அனுபவம்' என்ற கடைசிப் பத்திக்குத்தான் நேராகப் போவார்கள்.

அந்தப் பத்தியில் ஜெயச்சந்திரன் ஒருநாளும் தப்பு செய்தவரில்லை. டாக்டர் கவனிக்காத விரிசலை இவர் கவனித்திருப்பார். அழுத குழந்தையை இவர் சிரிக்கவைத்துப் படம் எடுத்திருப்பார். மூன்று வருஷமாக வாரம் ஒன்று என்றால் மனுஷனுக்கு அவ்வளவு பெருமை எங்கிருந்து வரும்? சரக்கு தீர்ந்துபோயிற்று. மிச்சம் இருந்தது ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றுதான்.

அது சித்தூரில், இப்போது மூடிக்கிடக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. லாரி மோதிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்குள் காற்று அடைத்து ஒரு பக்க நுரையீரல் சுருங்கியிருந்தது. படம் எடுக்கும்போதே பிளேட்டின் ஓரத்தில் வலது, இடது என்று காட்டும் ஈய எழுத்தை வைத்தாக வேண்டும். தொழிலின் அரிச்சுவடி அது. அவசரத்தில் ஜெயச்சந்திரன் வைக்கவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டார், பக்கம் மாற்றிப் போட்டார். டாக்டர் படத்தை நம்பி, நன்றாக இருந்த பக்கத்தில் காற்றை வெளியேற்றும் குழாயைச் செருகினார். ஆள் அன்று மாலையே போய்விட்டார். அதற்குள் ஜெயச்சந்திரன் படத்தைத் திறந்து எழுத்தைச் சரிசெய்துவைத்தார். யாரும் கேட்கவில்லை.

இதைத் தன் பேரில் எழுத அவருக்குப் பைத்தியமா என்ன? 'புத்தூர்ப் பக்கம், புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண்' என்று எழுதினார். நல்ல வேளையாக நோயாளி பிழைத்தார் என்று முடித்தார். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னேன் என்று ஒரு வரியும் சேர்த்தார். அந்த வரியை எழுதிய கையை என்ன சொல்வது!

செவ்வாய்க்கிழமை காலை, திருப்பதியில் அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறை வாசலில் சந்தியா நின்றுகொண்டிருந்தாள். நகரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். சங்கத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"உங்களுக்கு யாரு சார் சொன்னது? லெட்டர் வெக்காம நான் ஒரு படம்கூட எடுத்ததில்ல சார்."

"உன் பேரை நான் போடலியேம்மா."

"புத்தூர்ல பொம்பள டெக்னீஷியன் நான் ஒருத்திதான சார். சென்டர் ஓனர் படிச்சிட்டு இன்னா ஏதுன்னுகூட கேக்கல. எலும்பு கட்டுக்கு வர்ற ஜனம்லாம் நம்மகிட்டதான் படம் எடுக்குது, பேரு கெட்டா அவ்ளோதான், நீ கெளம்புன்னுட்டாரு. ரேணிகுண்டாவுல போய்க் கேட்டா, அந்தப் பொண்ணா நீன்னு சிரிக்கிறாங்க. எங்க நைனா தறியில குந்திக்கினு பேசவே மாட்டேங்கறாரு." அவள் அழவில்லை. "அந்தப் பொண்ணு நான் இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

சொல்லியிருக்கலாம். வாசலில் வேறு யாரும் இல்லை. "பாக்கறேன்மா" என்று சொல்லி உள்ளே போய்விட்டார் ஜெயச்சந்திரன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்தில் அந்த வாரம் சோறு இறங்கவில்லை. அவள் இல்லை என்று எழுதினால், பின்னே யார் என்று கேட்பார்கள். இன்னொரு பெண்ணை எங்கே போய்த் தேடுவது? வெள்ளிக்கிழமை வரை மனசுக்குள் மல்லுக்கட்டினார். கடைசியில் வெட்கம் பயத்தை ஜெயித்தது. ஞாயிறு மடலில், கல்யாணச் செய்திகளுக்குக் கீழே எழுதினார்: 'போன வாரம் எழுதிய தப்பைச் செய்தது நான். சந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சித்தூரில் நான் வேலை பார்த்தபோது நடந்தது.' ஆள் இறந்ததை மட்டும் எழுதக் கை வரவில்லை.

ஏழேகாலுக்குள் நாற்பது கும்பிடு வந்து விழுந்தது. கைதட்டல், பூங்கொத்து. 'மீரு தேவுடு சார்', நீங்கள் கடவுள் என்று ஒருவர். சங்கத் தலைவர் கோபிகிருஷ்ணன் போனிலேயே வந்துவிட்டார்.

"எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு! ஒரு சின்னப் பொண்ணுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கினீங்களே!"

"நெசமாவே நான்தான்யா செஞ்சேன்."

"தெரியும் சார், தெரியும்." சிரித்தார். "நீங்களாவது தப்பு பண்றதாவது! ஆண்டு விழாவுல உங்களுக்கு சால்வை போடறதா முடிவு பண்ணிட்டோம்."

ஜெயச்சந்திரன் புத்தூர் சென்டர் முதலாளியைத் தானே கூப்பிட்டுச் சொன்னார். அவரும் மெச்சினார். அவளைக் காப்பாற்ற நீங்கள் இவ்வளவு மெனக்கெடுவதிலிருந்தே தெரிகிறது, தப்பு அவளுடையதுதான் என்றார். இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்றும் சொன்னார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

பத்து மணிக்குச் சந்தியா கூப்பிட்டாள்.

"எல்லாரும் உங்கள சாமின்றாங்க சார். நான் ஒருத்திதான் நம்பறேன், நீங்கதான் செஞ்சீங்கன்னு. அன்னிக்கி வாசல்ல என் மூஞ்சியப் பாக்காம உள்ள போனீங்க பாருங்க."

அவளே அடுத்ததையும் கேட்டாள்.

"அந்த ஆளு பொழைச்சாரா சார்?"

"இல்லம்மா." ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார். "அதையும் எழுதிடறேன்மா. அடுத்த வாரம் எல்லாத்தையும் வெவரமா..."

"வேணாம் சார்," என்றாள் சந்தியா. "நீங்க எழுத எழுத உங்களுக்குத்தான் நல்ல பேரு வருது."